ஒரு வீடு, ஒரு பெட்டி, ஓர் ஆடி மாதம்

வாலாஜாபாத் ரயில் நிலையம் செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டேஷன். பயணிகள் கூட்டம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஸ்டேஷனில் ரயில் ஏறும் கார்களுக்குக் குறைவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பிறந்த கார்கள் இங்கே வந்துதான் வடக்கே போகின்றன. அதற்கு ரயில்வே பயன்படுத்தும் பெட்டிகளில் ஒரு வகை வேடிக்கையானது. வயதாகி ஓய்வு பெற்ற பயணிகள் பெட்டியை எடுத்து, சீட்டுகளைப் பிடுங்கி, ஜன்னல்களை அடைத்து, இரண்டு முனையிலும் கதவு வைத்து, கார் ஏற்றும் பெட்டியாக மாற்றியிருப்பார்கள். ஒரு காலத்தில் மனிதர்கள் சாப்பாட்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது கார்கள் வரிசையாக நின்றுகொண்டு டெல்லி போகின்றன.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும், பெட்டிகளின் ஊர்வலம் தெரியும். இருபது அடி, நாற்பது அடி, நீலம், சிவப்பு, துருப்பிடித்த காவி. எஞ்சின், கியர், டயர், கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி உண்டு. ஆனால் அந்தச் சாலையோரத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம் வீடு மாற்ற வேண்டுமென்றால் மட்டும் தார்ப்பாய், சணல் கயிறு, "அண்ணே, பாத்துக் கட்டுங்க, கண்ணாடி இருக்கு" என்கிற பழைய ஏற்பாடுதான்.

வெளிநாட்டில் அப்படி இல்லையாமே, பெட்டியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்களாமே, அது ஏன் இங்கே வரவில்லை, வந்தால் எவ்வளவு ஆகும் என்ற கேள்வி நியாயமானதுதான். காமர்ஸ் படிக்கிறவர்கள் காஸ்ட் ஷீட் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது (பாடப் புத்தகத்தில் வரும் எக்ஸ் லிமிடெட், ஒய் லிமிடெட் கம்பெனிகளைவிட நிச்சயம் சுவாரஸ்யமானது).

முதலில் அது என்ன சமாச்சாரம் என்று பார்த்துவிடுவோம்.

1998ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பாட்ஸ் என்ற கம்பெனி தொடங்கியது. எட்டு, பன்னிரண்டு, பதினாறு அடி என்று சில அளவுகளில் பெட்டிகள். லாரியில் கொண்டுவந்து, சாய்க்காமல் மட்டமாகத் தூக்கி, உங்கள் வீட்டு முன்னால் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஒரு நாளிலோ ஒரு மாதத்திலோ உங்கள் வசதிப்படி பொருளை அடுக்கலாம். பூட்டி சாவியை வைத்துக்கொண்டு போன் செய்தால் பெட்டியை எடுத்துப்போய் புது வீட்டில் இறக்குவார்கள். புது வீடு தயாரில்லையா? கிடங்கில் வைத்திருப்பார்கள், மாத வாடகைக்கு. இந்த வியாபாரம் எந்த அளவு வளர்ந்தது என்றால், 'பாட்' என்கிற வார்த்தையே யாருக்குச் சொந்தம் என்று யூ-ஹால் என்ற இன்னொரு பெரிய கம்பெனியோடு கோர்ட்டுக்குப் போய், 2014ல் ஜூரிகள் பாட்ஸ் பக்கம் ஆறு கோடி டாலர் அளவுக்கு நஷ்டஈடு தீர்ப்பு சொன்னார்கள். ஒரு வார்த்தைக்கு ஆறு கோடி டாலர். அடேங்கப்பா!

ஆனால் யோசனை ஒன்றும் 1998ல் பிறந்ததல்ல. இங்கிலாந்து ரயில்வேக்கள் 1920களிலேயே வீட்டுச் சாமான் ஏற்ற தனிப் பெட்டிகள் வைத்திருந்தன. லாரியிலிருந்து அப்படியே தூக்கி ரயிலில் வைத்து, போன ஊரில் மறுபடி லாரியில் வைத்து வாசலில் விடுவார்கள். இந்திய ரயில்வேயும் 1966லேயே உள்நாட்டுச் சரக்குக்குக் கன்டெய்னர் கொண்டுவந்துவிட்டது. அதனால் 'நம்ம ஊருக்கு இன்னும் வரவில்லை' என்று வருத்தப்படுவது முழுக்கச் சரியில்லை. பெட்டி வந்தது, வீட்டு வாசலுக்குத்தான் வரவில்லை.

கன்டெய்னர் என்றாலே எல்லோரும் சொல்வது மால்கம் மெக்லீன் கதை. லாரி கம்பெனி முதலாளி. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை கப்பலில் மூட்டை மூட்டையாகச் சரக்கு ஏற்ற ஒரு டன்னுக்கு 5.86 டாலர் ஆகுமாம். பெட்டியில் வந்ததும் அது 16 சென்ட் ஆனது. இதைப் படித்துவிட்டு, அதே மந்திரம் வீடு மாற்றும் செலவிலும் வேலை செய்யும் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கல்.

மெக்லீனுக்கு அந்தக் காசு எங்கே மிச்சமானது? துறைமுகத்தில். தொழிற்சாலையில் பூட்டிய பெட்டியை வழியில் யாரும் திறக்கவில்லை. லாரியிலிருந்து மூட்டையை இறக்கி, அடுக்கி, மறுபடி தூக்கிக் கப்பலில் வைக்கும் கூலி மிச்சம். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது அப்படி ஒரு 'நடுவில்' கிடையாது. லாரி ஒரு வாசலில் நிற்கிறது, அதே லாரி இன்னொரு வாசலில் நிற்கிறது. பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றுவதும், கட்டிலைக் கழற்றுவதும், ஃபிரிட்ஜை மாடிப்படியில் நாலு பேர் இறக்குவதும் பெட்டி வந்தாலும் இருக்கும், வராவிட்டாலும் இருக்கும். கையால் செய்யும் வேலையில் பெட்டி பத்து பைசா குறைப்பதில்லை. சொல்லப்போனால் லாரி நடை கூடுகிறது. சாதாரணமாக லாரி வரும், ஏற்றும், போகும், இறக்கும். பெட்டியென்றால் காலிப் பெட்டியைக் கொண்டுவர ஒரு நடை, நிரம்பியதை எடுத்துப்போக ஒரு நடை, கிடங்கில் வைத்தால் அங்கிருந்து புது வீட்டுக்கு ஒரு நடை, கடைசியில் காலிப் பெட்டியைத் திரும்ப எடுக்க ஒரு நடை. ஆக நாலு.

அப்படியானால் அமெரிக்காக்காரன் எதற்குத்தான் காசு கொடுக்கிறான்? நாட்களுக்கு. பழைய வீட்டைக் காலி செய்யும் தேதிக்கும் புது வீட்டில் நுழையும் தேதிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதைப் பெட்டி நிரப்புகிறது. அது மாத வாடகைக்கு விற்பது நேரத்தை. பெட்டி சும்மா ஒரு பாத்திரம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கற்பனைதான், ஆனால் ஊரில் எந்தத் தெருவில் கதவைத் தட்டினாலும் ஏறக்குறைய இப்படி ஒரு வீடு கிடைக்கும். கணவருக்கு ஓரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் பெண், கணவரின் அம்மா. இரண்டு பெட்ரூம் வாடகை வீடு, மாடி போர்ஷன். கம்பெனிக்குப் புனே பக்கம் சாகனில் இன்னொரு யூனிட். ஆனி மாதம் பதினைந்து தேதி வாக்கில் மாற்றல் உத்தரவு வருகிறது, ஒரு மாதத்தில் சேர வேண்டும்.

பெட்டியை அவர்கள் வாசலுக்குக் கொண்டுவர முடியுமா? இருபது அடி கன்டெய்னர் என்பது எட்டு அடி அகலம், எட்டரை அடி உயரம். அதை லாரி மேல் வைத்தால் உயரம் பதின்மூன்று அடியைத் தொடும். ஊருக்குள் தெருவில் குறுக்கே போகும் கரண்ட் ஒயர், கேபிள் ஒயர், வாசலில் நிற்கும் பைக்குகள், யாரோ கல்யாணத்துக்குப் போட்ட பந்தல்... லாரி உள்ளே வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், பெட்டியைக் கீழே இறக்க ஹைட்ரா கிரேன் வேண்டும். ஓரகடத்தில் ஹைட்ராவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது தெருவில் திரும்ப இடம் வேண்டுமே. இறக்கி வைத்தபின் அது ஒரு வாரம் அங்கேயே நின்றால் எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

எடையைப் பாருங்கள், அதுதான் இன்னும் வேடிக்கை. காலி இருபது அடிப் பெட்டியே 2,200 கிலோவுக்கு மேல். இந்தக் குடும்பத்தின் மொத்தச் சாமானே அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம். இதற்கு ஒரு அரசாங்க அளவுகோலே இருக்கிறது. 2017 ஜூலையில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு மாற்றலின்போது எவ்வளவு சாமான் எடுத்துப் போகலாம் என்று திருத்தி உத்தரவு போட்டது. சம்பள நிலை ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 6,000 கிலோ, ஐந்துக்கு 3,000 கிலோ, நான்கும் அதற்குக் கீழும் 1,500 கிலோ. ரோடு வழியாகப் போனால் கிலோமீட்டருக்கு முறையே 50 ரூபாய், 25 ரூபாய், 15 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இந்தத் தொகை 25 சதவீதம் கூடும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. ரயிலில் போனால் 6,000 கிலோக்காரர்களுக்கு 'ஒரு கன்டெய்னர்' என்றே எழுதியிருக்கிறார்கள், பெரிய அதிகாரிகளுக்கு 'டபுள் கன்டெய்னர்'. ஆக இந்திய அரசாங்கம் ஒரு வீட்டைப் பெட்டிக் கணக்கில் நினைத்துப் பார்த்திருக்கிறது! ஆனால் கீழ்மட்ட ஊழியரின் வீட்டை 1,500 கிலோ என்கிறது. அதாவது அவர் வீட்டைவிட, வீட்டை ஏற்றும் காலிப் பெட்டி கனம் அதிகம்.

வாலாஜாபாத்திலிருந்து சாகன் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அரசாங்கத்தின் 2017 கணக்கில் போட்டால் மேல்நிலைக்கு 55,000 ரூபாய், நடுநிலைக்கு 27,500, கீழ்நிலைக்கு 16,500. நம் சூப்பர்வைசர் தனியார் கம்பெனி. ஹெச்.ஆர். ஒரு தொகை சொல்லும், அதற்கு மேல் போனால் கைக்காசு. மாற்றல் கிடைக்கும் எல்லோருக்கும் கம்பெனி கொடுக்கும் என்றும் இல்லை, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்' என்று முடித்துவிடும் இடங்களும் உண்டு.

இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான் பதினாலு அடி லாரியில் அடங்கும். பதினாலுக்கு ஆறுக்கு ஆறு என்றால் சுமார் 500 கன அடி. இருபது அடிக் கன்டெய்னரின் உள்ளளவு 1,170 கன அடி. பாதிக்கு மேல் காற்றை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், காற்றுக்கும் சேர்த்து வாடகை.

அடுத்தது ரிட்டர்ன் லோடு. லாரித் தொழிலில் இந்த ஒரு வார்த்தை தெரிந்தால் பாதித் தொழில் தெரிந்தது போல. புனேவிலிருந்து ஓரகடத்துக்கும் ஓரகடத்திலிருந்து புனேவுக்கும் உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 48 பெங்களூர் தாண்டி நேராகப் புனேவுக்குத்தான் போகிறது, ஒரே ரோடு. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டிய லாரியில் ஒரு வீட்டை ஏற்றினால் டிரைவருக்கும் லாபம், வீட்டுக்காரருக்கும் லாபம். டீசல் எப்படியும் எரியத்தான் போகிறது. காஸ்டிங் வகுப்பில் மார்ஜினல் காஸ்ட் என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

வீட்டுச் சாமான் பெட்டிக்கு இந்த வசதி இல்லை. சாகனில் இறக்கியபின் காலிப் பெட்டி என்ன செய்யும்? அங்கிருந்து யாராவது வாலாஜாபாத்துக்கு வீடு மாற்ற வேண்டும், அதுவும் அதே வாரம். இல்லையென்றால் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் காலியாகத் திரும்ப வேண்டும், அந்தச் செலவு யார் தலையில்? அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை இருப்பதால் பெட்டி அங்கேயே தங்கி அடுத்த வாடிக்கையாளருக்குப் போகும். அங்கேயுமே இந்தப் பிரச்சினை முழுக்கத் தீரவில்லை. கொரோனா காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு ஜனங்கள் கும்பலாகக் கிளம்பியபோது, அந்தப் பக்கம் போக லாரி வாடகை எதிர்ப்பக்க வாடகையைப் போலப் பல மடங்கு ஆனது. எல்லோரும் போகும் திசையில் போனால் விலை அதிகம். காலிப் பெட்டி சும்மா வராது, யாரோ ஒருவர் பில்லில் ஏறிக்கொண்டுதான் வரும்.

(இடையில் ஒரு எச்சரிக்கை. வாலாஜாபாத் வேறு, ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டை வேறு. இரண்டுக்கும் ஆற்காடு நவாப் வாலாஜா முகமது அலிதான் பெயர் கொடுத்தார், போதாக்குறைக்கு வாலாஜா ரோடு என்று ஒரு ரயில்வே ஜங்ஷன் வேறு. போனில் கொட்டேஷன் வாங்கும்போது பின்கோடு சொல்லிவிடுவது உத்தமம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றுகொண்டு லாரிக்காரர் "சார், வாலாஜா வந்துட்டேன், வீடு எங்க?" என்று கேட்டால் வெயிட்டிங் சார்ஜ் உங்களுடையது.)

சரி, நாட்களுக்கு வருவோம். விஷயமே அதுதானே.

மாற்றல் உத்தரவு ஆனி நடுவில். சேர வேண்டிய தேதி ஆடியில் விழுகிறது. பாட்டி இருக்கும் வீடு. "ஆடியில குடி போறதாவது? பேசாம இருடா" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். ஆடி, மார்கழி இரண்டிலும் தமிழ்நாட்டில் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். நம்பிக்கையா, பழக்கமா என்று வாதம் செய்யலாம், ஆனால் வாதம் செய்து ஜெயித்தவர்கள் குறைவு. ஆக ஆவணி முதல் முகூர்த்தம் வரை ஒரு மாதப் பள்ளம். அமெரிக்கப் பெட்டிக்காரன் மட்டும் இதைக் கேள்விப்பட்டால் ஆடித் தள்ளுபடி போட்டு இந்த ஊரில் கிளை திறந்துவிடுவான் :-)

ஆனால் ஊரில் இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்து, இரண்டு பேர் மட்டும் போய், புது வீட்டில் பால் காய்ச்சி, ஒரு குடம் தண்ணீர், உப்பு, அரிசி, பருப்பு, ஒரு சாமி படம் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியது. சாஸ்திரப்படி குடி போயாகிவிட்டது! சாமான் அப்புறம் எப்போது போனாலும் அது வெறும் சாமான். மனிதர்கள் நுழையும் தேதியையும் பொருள் நுழையும் தேதியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். கன்டெய்னர் கம்பெனி செய்வதும் இதேதான், அவர்கள் பொருளைக் கிடங்கில் நிறுத்துகிறார்கள், இங்கே சாமி படத்தை முன்னால் அனுப்புகிறார்கள்.

இதன் விலை என்ன? பேச்சுக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம், எண்கள் உங்கள் ஊருக்கு மாறும், கணக்கு மாறாது. வாலாஜாபாத் வீட்டு வாடகை 9,000, சாகன் வீட்டு வாடகை 12,000. ஆடி முழுக்க இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்தால் கூடுதல் செலவு 12,000 என்று தோன்றும். ஆனால் கணவர் ஆடியிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் எங்காவது தங்கித்தானே ஆக வேண்டும்? லாட்ஜிலோ பேயிங் கெஸ்ட்டாகவோ தங்கினால் ஆகும் 7,000ஐக் கழித்துவிட்டால் உண்மையான கூடுதல் 5,000தான். பாயும் தலையணையும் போதும் அவருக்கு. பெட்டி ஏற்பாட்டில் இந்த 5,000க்கு எதிரே நிற்பவை கிரேன், நாலு நடை லாரி, ஒரு மாதப் பெட்டி வாடகை, காலிப் பெட்டியின் திரும்பும் செலவு. இவற்றில் முதல் கிரேன் தூக்கும்போதே 5,000 காலியாகிவிடும்.

ஆக வாலாஜாபாத் மக்களும் நாட்களை விலைக்கு வாங்கத்தான் செய்கிறார்கள். வாங்கும் கடை வேறு. பூட்டிய ஓர் அறையில், மாமியார் வீட்டு மாடியில், ஹவுஸ் ஓனரிடம் "அண்ணா, இன்னொரு மாசம் மட்டும்" என்று கேட்டு வாங்குகிறார்கள். அட்வான்ஸ் பணம் ஓனரிடம் இருக்கும்வரை அவரும் பெரும்பாலும் சரியென்பார். அந்த அட்வான்ஸில்தான் இன்னொரு சிக்கல். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். அதனால் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் சாகவில்லை. பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்னால் புது வீட்டுக்குக் கட்ட வேண்டும். எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு மாற்றும் செலவில் லாரி வாடகையைவிட இந்த இடைவெளிப் பணத்துக்கு வைக்கும் நகைக்கான வட்டிதான் உறுத்தும். எந்த கொட்டேஷனிலும் அது வராது.

பெட்டிக்காக வாதாடவும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில், சொந்தம் பந்தம் பக்கத்தில் இல்லாத ஊரில், தனியாக இருக்கும் ஒருவர் மெதுவாக, தினம் இரண்டு அட்டைப் பெட்டியாக அடுக்கலாம். மழை பெய்தால் நனையாது. வழியில் வேறொருவர் சாமானோடு கலக்காது. இங்கே பார்ட் லோடில் போகும்போது நடுவழிக் கிடங்கில் இறக்கி ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து, மிக்ஸி ஜார் காணாமல் போவது அங்கேதான். பெங்களூர், சென்னை போன்ற ஊர்களில் மாத வாடகைக்குப் பொருள் வைத்துக்கொள்ளும் கிடங்குகள் வந்துவிட்டன. ஐ.டி.காரர்கள் ஆறு மாதம் வெளிநாடு போகும்போது பயன்படுத்துகிறார்கள். மாமியார் வீட்டு மாடி இல்லாதவர்கள் பெருகினால் அந்த வியாபாரமும் பெருகும்.

இதே ஓரகடம் பக்கத்தில் நிஜமாகவே ஒரு கன்டெய்னரில் வீடு மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மூன்று, நான்கு வருட வேலைக்கு வரும் அதிகாரிகளின் வீடு கடல் வழியாகப் பெட்டியில் சென்னைத் துறைமுகம் வருகிறது. செலவு கம்பெனியுடையது. அங்கே பெட்டிக்கு நாட்கள் இன்னும் கறாரானவை. கஸ்டம்ஸ் பேப்பர் ஒன்று குறைந்து பெட்டி கிளியர் ஆகத் தாமதமானால், இலவச நாட்கள் முடிந்தபின் இடத்துக்கு டெமரேஜ், பெட்டிக்கு டிடென்ஷன் என்று மீட்டர் ஓடும். புளோரிடாவில் வசதி என்று விற்கும் அதே நாள், துறைமுகத்தில் அபராதம்.

எதிர்முனையும் இங்கேதான். வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் பெண்கள், தூரத்து மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் வீடு மாற்றும் செலவு பஸ் டிக்கெட். ஒரு டிராவல் பேக், ஒரு பக்கெட், ஒரு போர்வை. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோதும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அப்போது ஊர் திரும்பியவர்களில் பலர் அப்படி ஒரு பையோடு போனவர்கள்தான். வேலையை நம்பி அதற்குள் கட்டில், டிவி, ஃபிரிட்ஜ் தவணையில் வாங்கிப் போட்டவர்களுக்குத்தான் எடுத்துப் போவதா, வந்த விலைக்குத் தள்ளுவதா என்ற கேள்வி.

அந்தக் கேள்வி நம் சூப்பர்வைசர் வீட்டிலும் உண்டு. ஆடி முடியப் போகிறது. லாரி பேச வேண்டும்.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் கொட்டேஷன் வாங்கும்போது கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, கட்டுவது, ஏற்றுவது, கொண்டுபோவது, இறக்குவது எல்லாம் ஒரே சேவையாக பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரிப் பதிவு இல்லாத தனி நபருக்கு லாரி டிரான்ஸ்போர்ட் சேவை மட்டும் என்றால் வரி விலக்கு உண்டு. நாலு நண்பர்களை வைத்துக் கட்டி, லாரியை மட்டும் தனியாகப் பேசினால் மிச்சமாவது பேக்கிங் கூலி மட்டுமல்ல. இரண்டாவது, சாமான் உடைந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது. 2007ஆம் வருட சாலை வழி சரக்குச் சட்டமும் 2011 விதிகளும், பொருளின் மதிப்பை முன்கூட்டியே அதிகமாக அறிவிக்காவிட்டால், லாரி கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போகாது என்கின்றன. வாடகை 30,000 என்றால் அதிகபட்சம் மூன்று லட்சம், அது பரவாயில்லை. வாடகையை அடித்துப் பேசிக் குறைக்கும்போது இந்த உச்சவரம்பையும் சேர்த்துக் குறைக்கிறோம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நீங்களே கட்டியது உடைந்தால் 'ஓனர் பேக்டு' என்று கைவிரிப்பதும் வழக்கம்.

பிறகு ஒவ்வொரு பொருளாக ஒரு தீர்ப்பு. கட்டில், பிளைவுட், ஏழு வருடம் ஆகிறது. கழற்றி மாட்டினால் ஆடும். விற்றுவிடலாம். வாஷிங் மெஷின் வரட்டும். கிரைண்டர் வரட்டும், சாகனில் மாவு கிடைக்குமோ கிடைக்காதோ. டைனிங் டேபிளின் இன்றைய மதிப்பு அதற்கு லாரியில் ஆகும் இடத்தின் வாடகையைவிடக் குறைவு, ஆகவே அது பக்கத்து வீட்டுக்கு. கணக்குப் பாடத்தில் புத்தக மதிப்பு, மாற்று மதிப்பு என்று தனித்தனி அத்தியாயமாக இருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

பீரோவில் வந்து நிற்கிறது. பாட்டியின் கல்யாணத்துக்கு அவர் அப்பா கொடுத்த இரும்பு பீரோ. ஆளுயரக் கண்ணாடி, பாதரசம் உரிந்து ஓரங்களில் கறுப்புப் பூத்திருக்கிறது. மேல் லாக்கர் சாவி எப்போதோ தொலைந்து, கத்தி முனையால் திறக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் கிலோ விலைதான் கிடைக்கும். புனேவுக்கு எடுத்துப் போக ஆகும் இடத்துக்கும் எடைக்கும் அங்கே புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று கணவர் பேப்பரில் எழுதிக் காட்டுகிறார். மனைவி எதுவும் சொல்லவில்லை. பாட்டி, "சரிடா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

லாரி வந்த அன்று பேக்கிங் பையன் பட்டியலைப் படித்துக் காட்டி கையெழுத்துக் கேட்கிறான். ஏற்றுவதற்கு முன்பே என்னென்ன பழுது என்று எழுதிவிடுவது அவர்கள் வழக்கம், பின்னால் சண்டை வரக் கூடாது பாருங்கள். ஃபிரிட்ஜ் ஒன்று, கைப்பிடி விரிசல். டிவி ஒன்று, நல்ல நிலை. கிரைண்டர் ஒன்று. சைக்கிள் ஒன்று, பெல் இல்லை. பதினேழாவது வரியில், பீரோ ஒன்று, கண்ணாடி கறுப்பு, கீறல் ஏற்கெனவே உள்ளது.